அரிவாள் வடிவ இரத்த அணுவும் அதன் பின்னால் இருந்த மனிதர்களும்

மருத்துவக் கல்லூரியில் முதல் வருடம் உயிர்வேதியியல் படித்தவர்கள் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்லிவிடுவார்கள்: "அரிவாள் அணுச் சோகை. பீட்டா குளோபின் சங்கிலி. ஆறாவது இடம். குளுட்டாமிக் அமிலத்துக்குப் பதில் வேலின்." தேர்வுக்கு இந்த ஒரு வரி போதும், இரண்டு மதிப்பெண் கிடைத்துவிடும். ஆனால் இந்த ஒரு வரிக்கு வந்து சேர மருத்துவ உலகத்துக்கு ஏறத்தாழ ஐம்பது வருடங்கள் ஆயின. அந்த ஐம்பது வருடக் கதை பாடப்புத்தகத்தில் இல்லை. இருந்தாலும் ஓரத்தில் பெட்டிச் செய்தியாக நாலு வரிதான் இருக்கும்.

கதை ஒரு பல் மருத்துவ மாணவனிடமிருந்து தொடங்குகிறது.

கரீபியன் கடலில் உள்ள கிரெனடா என்ற சின்னத் தீவைச் சேர்ந்தவர் வால்டர் கிளெமென்ட் நோயல். 1904-ல் பல் மருத்துவம் படிக்க அமெரிக்காவின் சிகாகோ நகருக்கு வருகிறார். அப்போது அவருக்கு வயது இருபது. அந்த வருடம் டிசம்பரில் உடம்பு முடியாமல் பிரெஸ்பிடேரியன் மருத்துவமனையில் சேர்கிறார். மூச்சிரைப்பு, சோர்வு, கணுக்காலில் ஆறாத புண். அவரைப் பரிசோதித்தது எர்னெஸ்ட் அயன்ஸ் என்ற இளம் பயிற்சி மருத்துவர். இரத்தத்தை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தவர் திகைத்துப் போனார். வட்டத் தட்டு போல இருக்க வேண்டிய சிவப்பணுக்கள் சில, நீண்டு வளைந்து கதிரறுக்கும் அரிவாள் போல இருந்தன.

அயன்ஸ் தன் மேலதிகாரி ஜேம்ஸ் ஹெரிக்கிடம் காட்டினார். இருவரும் நோயலை இரண்டரை வருடங்கள் விட்டு விட்டுக் கவனித்தார்கள். 1910-ல் ஹெரிக் கட்டுரை வெளியிட்டார். அதில் ஆசிரியராக இருந்தது ஹெரிக் பெயர் மட்டும்தான். முதலில் பார்த்தவர் அயன்ஸ். ஆனால் ரொம்ப நாள் வரைக்கும் அந்த நோய்க்கு 'ஹெரிக் நோய்' என்றுகூட ஒரு பெயர் இருந்தது. (பயிற்சி மருத்துவர்களுக்கு இது புதுச் செய்தியாக இருக்காது!) ஹெரிக்கைக் குறை சொல்லவும் முடியாது. 1912-ல் மாரடைப்பை உயிரோடிருக்கும் நோயாளியிடமே கண்டறிய முடியும் என்று எழுதிய பெரிய மருத்துவர் அவர். இந்த நோயைப் பொறுத்தவரை தனக்குத் தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. காரணம் இன்னதென்று முடிவு கட்டாமல், பார்த்ததைப் பார்த்தபடி எழுதி விட்டுவிட்டார்.

நோயல் என்ன ஆனார்? அந்த உடம்போடு 1907-ல் படிப்பை முடித்தார். ஊருக்குத் திரும்பிப் பல் மருத்துவராகத் தொழில் செய்தார். 1916-ல் நிமோனியாவில் இறந்தார். வயது 32. ஹெரிக்கின் கட்டுரையில் அவர் பெயர் இல்லை, வெறும் ஒரு கறுப்பின மாணவன்தான். வரலாற்று ஆய்வாளர்கள் தேடிப் பிடித்து அந்தப் பெயரை மருத்துவ உலகத்துக்குச் சொன்னது 1989-ல். எழுபத்தொன்பது வருடங்கள் கழித்து.

அடுத்த முப்பது வருடங்களில் செய்திகள் துண்டு துண்டாக வந்தன. 1917-ல் விக்டர் எம்மல் ஒரு நோயாளியின் இரத்தத் துளியைக் கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே காற்றுப் புகாமல் அடைத்து வைத்தார். அணுக்கள் மெல்ல மெல்ல அரிவாளாக மாறின. ஆச்சரியம் என்னவென்றால், எந்த நோயும் இல்லாத அந்த நோயாளியின் தகப்பனாருடைய இரத்தமும் அப்படியே மாறியது! 1922-ல் வெர்ன் மேசன் இதற்கு 'அரிவாள் அணுச் சோகை' என்று பெயர் வைத்தார். 1927-ல் ஹான், கில்லெஸ்பி என்ற இருவர், ஆக்சிஜன் குறைந்தால் அணு வளைகிறது, ஆக்சிஜன் கொடுத்தால் நிமிர்கிறது என்று காட்டினார்கள்.

மேசன் இன்னொன்றையும் கவனித்திருந்தார். அதுவரை வந்த நோயாளிகள் எல்லோரும் கறுப்பர்கள். நாலே நாலு நோயாளிகளை வைத்துக்கொண்டு இப்படி ஒரு கவனிப்பு. அதிலிருந்து 'இது கறுப்பர் இரத்தத்தின் நோய்' என்ற முடிவு கிளம்பி, பல பத்தாண்டுகள் அமெரிக்க மருத்துவத்தில் உட்கார்ந்துகொண்டது. வெள்ளைக்காரர் ஒருவருக்கு அரிவாள் அணு தெரிந்தால், நோயை விட்டுவிட்டு அவருடைய பரம்பரையைச் சந்தேகப்பட்டார்கள். கிரேக்கத்திலும் அரேபியாவிலும் இந்தியாவிலும் இந்த நோய் உண்டு என்பது பின்னால்தான் தெரிந்தது.

இங்கே கொஞ்சம் பாடம் தேவைப்படுகிறது.

சிவப்பணுவுக்குள் நிறைந்திருப்பது ஹீமோகுளோபின். ஆக்சிஜனைச் சுமக்கும் புரதம். நாலு சங்கிலிகள் சேர்ந்தது: இரண்டு ஆல்ஃபா, இரண்டு பீட்டா. ஆல்ஃபாவில் 141 அமினோ அமிலங்கள், பீட்டாவில் 146. மொத்தம் 574. ஒவ்வொருவருக்கும் பீட்டா சங்கிலிக்கான மரபணு இரண்டு பிரதிகள் உண்டு. அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. இரண்டுமே பழுதானால் நோய். ஒன்று மட்டும் பழுதானால் பெரும்பாலும் எந்தத் தொல்லையும் கிடையாது. அவரைக் 'கடத்தி' என்பார்கள். எம்மல் பார்த்த அந்தத் தகப்பனார் கடத்தி. கடத்தியும் கடத்தியும் கல்யாணம் செய்துகொண்டால், ஒவ்வொரு பிரசவத்திலும் குழந்தைக்கு நோய் வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு, கடத்தியாக இருக்க நாலில் இரண்டு பங்கு, ஒன்றுமே இல்லாமல் பிறக்க நாலில் ஒரு பங்கு. முதல் குழந்தைக்கு நோய் வந்துவிட்டது, அதனால் அடுத்த மூன்றும் தப்பிக்கும் என்று கணக்குப் போடக்கூடாது. ஒவ்வொரு முறையும் சீட்டைப் புதிதாகக் குலுக்கித்தான் எடுக்கிறார்கள்.

இந்தக் கணக்கை 1949-ல் ஜேம்ஸ் நீல் உறுதி செய்தார். அதே வருடம்தான் இந்தக் கதையின் பெரிய திருப்பமும் வந்தது.

1945-ல் ஹார்வர்டைச் சேர்ந்த வில்லியம் காசில் என்ற மருத்துவர், வேதியியல் மேதை லைனஸ் பாலிங்கிடம் பேச்சுவாக்கில் இந்த நோயைப் பற்றிச் சொன்னார். ஆக்சிஜன் இல்லாதபோதுதான் அணு வளைகிறது என்றதும் பாலிங்குக்குப் பொறி தட்டியது. ஆக்சிஜனைச் சுமப்பது ஹீமோகுளோபின். அப்படியானால் கோளாறு அணுவில் இல்லை, அதற்குள் இருக்கும் மூலக்கூறில்தான் இருக்க வேண்டும்! யோசனை பாலிங்குடையது. ஆனால் வேலையைச் செய்தவர் வேறு ஒருவர்.

அவர் பெயர் ஹார்வி இட்டானோ. கலிஃபோர்னியாவில் பிறந்த ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர். 1942-ல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் அந்த வருடத்தின் முதல் மாணவர். ஆனால் பட்டமளிப்பு விழாவுக்கு வர முடியவில்லை. ஏன் தெரியுமா? ஜப்பானோடு போர் நடந்துகொண்டிருந்ததால், அமெரிக்கக் குடிமகனான அவரை ஜப்பானிய முகம் என்பதற்காகவே குடும்பத்தோடு முகாமில் அடைத்திருந்தார்கள். முள்வேலிக்குள் இருந்த பையனுக்குத்தான் தங்கப்பதக்கம். பிறகு செயின்ட் லூயிஸில் மருத்துவம் படிக்க அனுமதி கிடைத்து வெளியே வந்தார். 1946-ல் பாலிங்கின் ஆய்வகத்தில் சேர்ந்தார். பாலிங் கொடுத்த வேலை: இரண்டு ஹீமோகுளோபின்களுக்கும் என்ன வேறுபாடு, கண்டுபிடி.

பல வழிகளில் முயன்று பார்த்தும் ஒன்றும் புலப்படவில்லை. கடைசியில் மின்புலத்தில் புரதங்களை ஓடவிட்டுப் பார்க்கும் எலக்ட்ரோஃபோரசிஸ் முறைதான் கைகொடுத்தது. நல்ல ஹீமோகுளோபின் ஒரு மாதிரி நகர்ந்தது, நோயாளியின் ஹீமோகுளோபின் வேறு மாதிரி நகர்ந்தது. கடத்திகளின் இரத்தத்திலோ இரண்டும் கலந்தே இருந்தன. நோயாளியின் மூலக்கூறில் இரண்டிலிருந்து நான்கு வரை நேர்மின்சுமை அதிகம் என்று கணக்கிட்டார்கள். 1949 நவம்பரில் பாலிங், இட்டானோ, சிங்கர், வெல்ஸ் நால்வர் பெயரில் கட்டுரை வந்தது. ஒரு நோயை 'மூலக்கூறு நோய்' என்று தலைப்பிலேயே அழைத்த கட்டுரை. கிருமி இல்லை, சத்துக் குறைவு இல்லை, ஒரு மூலக்கூறின் அமைப்பே நோய் என்று முதன்முதலாக நிரூபணம் ஆனது அன்றுதான். மூலக்கூறு மருத்துவத்தின் பிறந்த நாளாக இதைச் சொன்னால் தப்பில்லை. பெருமையில் பெரும்பகுதி பாலிங்குக்குப் போனது. இட்டானோவை அமெரிக்க தேசிய அறிவியல் கழகம் உறுப்பினராக்கியது 1979-ல்தான்.

மின்சுமை வேறுபடுகிறது, சரி. எதனால்? 574 அமினோ அமிலங்களில் எது மாறியிருக்கிறது? கேம்பிரிட்ஜில் வெர்னன் இங்ரம் இதற்கு எளிமையான ஒரு வழி கண்டுபிடித்தார். டிரிப்சின் என்ற நொதியை விட்டு ஹீமோகுளோபினைத் துண்டு துண்டாக்கினார். அந்தத் துண்டுகளைக் காகிதத்தில் வைத்து, முதலில் ஒரு திசையில் மின்சாரத்தால் ஓட்டினார். பிறகு குறுக்கே கரைப்பானால் ஓட்டினார். காகிதத்தில் சுமார் முப்பது புள்ளிகள் கைரேகை போல விழுந்தன. நல்ல இரத்தத்தின் காகிதத்தையும் நோயாளியின் காகிதத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்... ஒரே ஒரு புள்ளி மட்டும் இடம் மாறியிருந்தது! அது 1956. அடுத்த வருடமே அந்தத் துண்டைப் பிரித்து, குளுட்டாமிக் அமிலம் இருந்த இடத்தில் வேலின் இருப்பதைச் சொன்னார். குளுட்டாமிக் அமிலத்துக்கு எதிர்மின்சுமை உண்டு, வேலினுக்கு இல்லை. இரண்டு பீட்டா சங்கிலிகள் என்பதால் மூலக்கூறுக்கு இரண்டு சுமை வித்தியாசம். இட்டானோ குழுவின் கணக்குக்குள் கச்சிதமாக உட்காருகிறது.

மரபணு எழுத்தில் சொன்னால், ஜி-ஏ-ஜி என்று இருக்க வேண்டியது ஜி-டி-ஜி என்று ஆகிவிட்டது. நடுவில் ஒரே ஓர் எழுத்து. ஆனால் விளைவு? வேலின் எண்ணெய்த் தன்மை கொண்டது. தண்ணீரோடு ஒட்டாது. ஆக்சிஜனை இறக்கிவிட்ட ஹீமோகுளோபினில் அதற்குப் பொருத்தமான ஒரு குழி அடுத்த மூலக்கூறில் திறக்கிறது. ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு நீள நீளமான கயிறுகளாகத் திரிகின்றன. அந்தக் கயிறுதான் அணுவை வளைக்கிறது. வளைந்த அணு மெல்லிய குழாய்களில் சிக்குகிறது. அதனால்தான் எலும்பைப் பிளப்பது போன்ற அந்த வலி. 120 நாள் வாழ வேண்டிய சிவப்பணு பத்து, இருபது நாளில் உடைந்துபோகிறது. அதனால்தான் சோகை. மண்ணீரலின் குழாய்கள் சின்ன வயதிலேயே அடைபட்டு, அது சுருங்கிச் செயலிழந்துபோகிறது. நிமோகாக்கஸ் போன்ற உறை போட்ட கிருமிகளை இரத்தத்திலிருந்து வடிகட்டுவது மண்ணீரலின் வேலை. அது போனால் சாதாரண நிமோனியாவே எமனாகிவிடும். நோயலின் மரணத்தை இந்த வரியோடு சேர்த்துப் படிக்கலாம்.

இவ்வளவு கொடுமையான மரபணு எப்படி அழியாமல் இருக்கிறது என்ற கேள்வி அப்படியே நின்றது. பதில் சொன்னவர் கென்யாவில் வளர்ந்த ஆந்தனி அலிசன். 1949-ல் ஆக்ஸ்ஃபோர்டு குழுவோடு கென்யாவுக்குப் போனபோது பல இன மக்களின் இரத்தத்தைச் சேகரித்தார். கடற்கரையிலும் விக்டோரியா ஏரிக்கரையிலும் கடத்திகள் ஏராளம். மலை உச்சிகளிலும் வறண்ட நிலங்களிலும் மிகக் குறைவு. கொசு எங்கே உண்டோ அங்கே இந்த மரபணுவும்! கடத்திகளுக்கு மலேரியாவிலிருந்து பாதுகாப்பு இருக்கிறது என்று ஊகித்தார். நிரூபிக்க அவர் செய்தது சர்ச்சைக்குரிய சோதனை. லுவோ இனத்தைச் சேர்ந்த 30 தன்னார்வலர்களுக்கு மலேரியாவைச் செலுத்தினார். கடத்திகள் அல்லாத 15 பேரில் 14 பேருக்கு மலேரியா பற்றியது. கடத்திகள் 15 பேரில் இரண்டே பேருக்கு. 1954-ல் வெளியான முடிவு இது. எண்கள் தெளிவானவை, அந்த முப்பது பேருக்கு எந்த அளவுக்கு விளக்கிச் சொல்லப்பட்டது என்ற கேள்வியை இன்றைய மாணவர் கேட்காமல் விடக்கூடாது.

ஆக, ஒரு பிரதி இருந்தால் உயிர் காக்கிறது, இரண்டு பிரதி இருந்தால் உயிர் எடுக்கிறது. இயற்கைத் தேர்வு மனிதனில் வேலை செய்வதற்கு இதைவிட நல்ல உதாரணம் இன்றுவரை கிடைக்கவில்லை.

இப்போது நம்மூர்ப் பக்கம். 1952-ல் ஹெர்மன் லேமன், மேரி கட்புஷ் இருவரும் நீலகிரி மலைவாழ் மக்களின் இரத்தத்தைச் சோதித்து, அரிவாள் அணு அங்கே இருப்பதை அறிவித்தார்கள். இருளர், பணியர், குறும்பர் ஆகியோரிடம் அது அதிகமாகத் தெரிந்தது. அதே வருடம் அசாம் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களிடமும் வேறு ஆய்வாளர்கள் கண்டார்கள். இந்தியாவில் முதல் கண்டுபிடிப்புகள் இவைதான். 'கறுப்பர் நோய்' என்ற முத்திரை கிழியத் தொடங்கியது. ஆனால் லேமன் வேறொரு முத்திரையைக் கையில் எடுத்தார். இது பழைய 'வேடர் இன'த்தின் அடையாளமாக இருக்கலாம் என்று நினைத்தார். அப்படியென்றால் இலங்கை வேடர்களிடம் கட்டாயம் இருக்க வேண்டுமே? பிற்பாடு சோதித்தபோது அவர்களிடம் அரிவாள் ஹீமோகுளோபின் இல்லை, வேறு வகையான ஹீமோகுளோபின் ஈ இருந்தது. இனக் கொள்கை அங்கேயே படுத்துவிட்டது. நீலகிரி அடிவாரமும் வயநாடும் ஒரு காலத்தில் மலேரியாக் காடுகள் என்பதே போதுமான விளக்கம்.

(இந்த மரபணு மாற்றம் உலகில் எத்தனை முறை தோன்றியது? 1980-களில் அக்கம்பக்க மரபணு அமைப்பை வைத்து ஐந்து வகைகளாகப் பிரித்தார்கள். நாலு ஆப்பிரிக்காவில், ஒன்று அரபு-இந்திய வகை. ஐந்து இடங்களில் தனித்தனியாகத் தோன்றியது என்றே பாடங்கள் சொல்லின. 2018-ல் முழு மரபணுத் தொகுப்பைப் படித்த ஷ்ரைனர், ரோட்டிமி இருவரும் ஏழாயிரம் வருடங்களுக்குச் சற்று முன் ஒரே ஒருமுறை தோன்றியிருக்கலாம் என்று சொன்னார்கள். பழைய பாடப்புத்தகம் வைத்திருப்பவர்கள் ஓரத்தில் குறித்துக்கொள்ளலாம்.)

அறிவியல் முன்னேறியது, புத்தி முன்னேறியதா? 1968-ல் பாலிங் ஒரு சட்ட இதழில் எழுதியதைப் படித்தால் வயிறு கலங்கும். கடத்திகளான இளைஞர்களின் நெற்றியில் அடையாளம் பச்சை குத்த வேண்டும், அப்போதுதான் கடத்தியும் கடத்தியும் காதலிக்காமல் இருப்பார்கள் என்றார். இரண்டு நோபல் பரிசு வாங்கிய மனிதர், அதில் ஒன்று அமைதிக்கானது! 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்க மாநிலங்கள் பல, கறுப்பின மக்களைக் குறிவைத்துப் பரிசோதனைச் சட்டங்கள் போட்டன. சிலவற்றில் கடத்திக்கும் நோயாளிக்கும் வித்தியாசம்கூடச் சரியாக எழுதப்படவில்லை. எந்த நோயும் இல்லாத கடத்திகளுக்கு வேலையும் காப்பீடும் மறுக்கப்பட்டன. விமானப்படைக் கல்லூரி 1981 வரை கடத்திகளைச் சேர்க்கவில்லை. அந்த இரண்டு மதிப்பெண் விடையில் நோயாளி வேறு, கடத்தி வேறு என்பதையும் கேட்டால் நன்றாக இருக்கும்.

ஆய்வகத்தில் இந்த நோய் தொடர்ந்து முதல் வரிசையில் இருந்தது. 1978-ல் கான், டோசி இருவரும் மரபணுவை வெட்டும் நொதிகளைக் கொண்டு, கருவிலேயே இந்த நோயைக் கண்டறியும் வழியைக் காட்டினார்கள். 1985-ல் பி.சி.ஆர். முறையை உலகுக்கு அறிவித்த முதல் கட்டுரையே அரிவாள் அணுச் சோகையைக் கண்டறிவது பற்றியதுதான். கொரோனா காலத்தில் மூக்கில் குச்சி விட்டு எடுத்த பரிசோதனையின் பூர்வீகம் அது.

ஆனால் நோயாளிகளின் உயிரை உண்மையில் காப்பாற்றியது எது? சாதாரண பென்சிலின். 215 குழந்தைகளிடம் நடந்த ஆய்வில், தினமும் பென்சிலின் சாப்பிட்டவர்களுக்கு நிமோகாக்கஸ் தொற்று 84 சதவீதம் குறைந்தது. ஆய்வைப் பாதியிலேயே நிறுத்தி எல்லோருக்கும் மருந்து கொடுத்தார்கள். முடிவு வந்தது 1986-ல். பிறந்த உடனே பரிசோதிக்க வேண்டும் என்ற கொள்கைக்கு அடிப்படை இதுதான். மூலக்கூறு தெரிந்து முப்பத்தேழு வருடம் கழித்து!

இன்னொரு நூல் 1948-லிருந்தே தொங்கிக்கொண்டிருந்தது. நியூயார்க்கின் ஜேனட் வாட்சன் என்ற குழந்தை மருத்துவர், இந்த நோயோடு பிறக்கும் குழந்தைகளின் அணுக்கள் முதல் சில மாதங்கள் அதிகம் வளைவதில்லை என்பதைக் கவனித்தார். காரணம், கருவில் இருக்கும்போது இயங்கும் ஹீமோகுளோபின் வேறு. அதில் பீட்டா சங்கிலி கிடையாது. அப்படியானால் அந்தக் கரு ஹீமோகுளோபினைப் பெரியவர்களிடமும் தக்கவைத்தால்? ஹைட்ராக்ஸியூரியா என்ற மாத்திரை அதைத்தான் செய்கிறது. 299 பேரிடம் நடந்த ஆய்வில் வலி நெருக்கடிகள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. 1998-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. விலை குறைந்த மாத்திரை, அரசு மருத்துவமனைகளிலும் கொடுக்கக்கூடியது.

கரு ஹீமோகுளோபினை அணைத்து வைக்கும் 'சுவிட்ச்' பி.சி.எல்.11ஏ என்ற மரபணு என்பது 2008-ல் தெரிந்தது. அந்தச் சுவிட்சை கிரிஸ்பர் கத்திரியால் வெட்டிவிடும் சிகிச்சைக்கு 2023 நவம்பரில் பிரிட்டனும் டிசம்பரில் அமெரிக்காவும் அனுமதி கொடுத்தன. உலகின் முதல் கிரிஸ்பர் மருந்து. அமெரிக்காவில் அறிவிக்கப்பட்ட விலை ஓர் ஆளுக்கு 22 லட்சம் டாலர். அதற்கு முன் கடுமையான கீமோதெரபியும் தாங்க வேண்டும். அதே 2023 ஜூலையில் இந்திய அரசு மத்தியப் பிரதேசத்தில் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. பழங்குடிப் பகுதிகளில் ஏழு கோடிப் பேரைப் பரிசோதித்து, அவரவர் நிலையைச் சொல்லும் அட்டை கொடுத்து, 2047-க்குள் நோயை ஒழிப்பது இலக்கு. அட்டையில் 'கடத்தி' என்று எழுதியிருக்கும் பெண்ணின் கல்யாணப் பேச்சு என்ன ஆகும் என்பதை, அமெரிக்காவின் 1970-களைப் படித்தவர்கள் யோசித்துப் பார்க்கட்டும்.

கிரிஸ்பர் சிகிச்சை பற்றிப் பலரும் தவறாக நினைப்பது ஒன்று உண்டு. அது ஆறாவது இடத்தைத் திருத்துவதில்லை. எலும்பு மஜ்ஜையின் தாய் அணுக்களில் வேறொரு இடத்தில் வெட்டி, பழைய கரு ஹீமோகுளோபினை மறுபடி எழுப்பிவிடுகிறது, அவ்வளவுதான். சிகிச்சை முடிந்து வலியில்லாமல் நடமாடும் ஒருவரின் விந்தணுவிலோ கருமுட்டையிலோ அந்த ஜி-டி-ஜி அப்படியே இருக்கிறது. அவருக்குப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தையும் குறைந்தபட்சம் ஒரு கடத்தியாகவே பிறக்கும்.